சரளை மேட்டுச் சிவப்பு

என் அண்ணன் மகள் கேட்டரிங் படிக்கிறாள், இரண்டாம் ஆண்டு. அவர்கள் பாடத்தில் ஒயின் உண்டு, வகுப்பில் ஒயின் கிடையாது. போர்டோ, பர்கண்டி, ஷாம்பெய்ன் என்று வாசனைகூட முகராமல் உருப்போட்டு எழுதிவிட்டு வருகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு வந்தவள், "சித்தப்பா, இந்தப் பேரை எப்படிப் படிக்கிறது? பல்லு உடையுது" என்றாள்.

பார்த்தேன். பிரான்சின் பழம்பெரும் சிவப்பு ஒயின் எஸ்டேட்டுகளில் ஒன்று. பிரெஞ்சு எழுத்தில் முன்னால் ஒரு எச், நடுவில் ஒரு டி. இரண்டும் தாளில் இருக்கும், வாயில் வராது. "ஓ-பிரியோன். கடைசி எழுத்தை மூக்கால் சொல்லணும்" என்றேன்.

"நீங்க குடிச்சிருக்கீங்களா?" குரலைத் தாழ்த்திக் கேட்டாள். அடுப்படியில் அவள் சித்தி இருந்தாள்.

இல்லை. அதில் ஒரு புட்டி வாங்கும் காசில் எங்கள் வீட்டு மளிகை இரண்டு மாதம் ஓடும். எனக்குத் தெரிந்தது படித்ததுதான். ஆனால் சிவப்பு ஒயினைப் புரியவைக்க ஒயின் வேண்டியதில்லை, டீ போதும். எழுந்து போய்ப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, டீத்தூளைத் தாராளமாகப் போட்டு, வேண்டுமென்றே ஐந்து நிமிடம் கூடுதலாகக் கொதிக்கவிட்டு, பாலும் சர்க்கரையும் இல்லாமல் ஒரு கிளாஸ் கொடுத்தேன். ஒரு வாய் குடித்ததும் முகம் கோணியது.

"கசக்குது."

"கசப்பு தனி. நாக்கு என்ன சொல்லுது?"

கொஞ்சம் யோசித்தாள். "இழுத்துப் பிடிக்குது. வாழைப்பூவைப் பச்சையா கடிச்ச மாதிரி."

அதுதான் துவர்ப்பு. ஆறு சுவையில் ஒன்றாக வைத்து நம்மவர்கள் இதற்குத் தனிப்பெயர் கொடுத்துவிட்டார்கள். கொட்டைப்பாக்கு, மாதுளம்பழத் தோல், பிஞ்சுக் கொய்யா, முற்றக் கொதித்த டீ எல்லாவற்றிலும் இதைச் செய்வது டானின் என்கிற ஒரு குடும்பப் பொருள். நம் எச்சிலில் உள்ள புரதங்கள் வாய்க்குள் எண்ணெய் பூசியதுபோல ஒரு வழுக்கலைத் தருகின்றன. டானின் அந்தப் புரதங்களைப் பிடித்துக்கொண்டு திரண்டுவிடும். வழுக்கல் போனதும் நாக்கு சொரசொரக்கிறது. அதனால் துவர்ப்பைச் சுவை என்பதைவிடத் தொட்டுணர்வு என்று சொல்கிறவர்களும் உண்டு.

அதே கிளாஸில் கொஞ்சம் பால் ஊற்றினேன். மறுபடி குடித்தவளுக்கு முகம் கோணவில்லை. பாலில் இருக்கும் புரதம் டானினை முன்கூட்டியே பிடித்துக்கொண்டுவிட்டது, எச்சில் தப்பித்தது. பாலூற்றுவதை நினைவில் வை, பின்னால் வேலை இருக்கிறது என்றேன்.

சிவப்பு ஒயினின் முதுகெலும்பு இந்தத் துவர்ப்பு. பன்னீர் திராட்சையை உரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே சதை பச்சை நிறம்தான். கருஞ்சிவப்பெல்லாம் தோலில் இருக்கிறது. டானினும் தோலிலும் விதையிலும்தான் அதிகம். திராட்சையைப் பிழிந்து சாற்றை மட்டும் நொதிக்கவிட்டால் வெள்ளை ஒயின். தோலோடும் விதையோடும் சேர்த்து நாள்கணக்கில் ஊறவிட்டு நொதிக்கவைத்தால் சிவப்பு ஒயின், டீத்தூளை ஊறவைக்கிற மாதிரிதான். எவ்வளவு நேரம், எவ்வளவு சூட்டில் என்பதில்தான் கைப்பக்குவம்.

இனி ஊருக்கு வருவோம். பிரான்சின் தென்மேற்கில் கரோன் ஆற்றங்கரையில் போர்டோ நகரம். அதன் ஓரத்தில் பெசாக் என்றொரு புறநகர். ஓ-பிரியோன் அங்கே இருக்கிறது. பிரெஞ்சு எஸ்டேட் என்றதும் கண்ணுக்கெட்டிய தூரம் கொடிகளும் நடுவே மாளிகையுமாகப் படம் விரியும். இங்கே சுற்றிலும் வீடுகளும் சாலைகளும். நகரம் வளர்ந்து வந்து சூழ்ந்துகொண்டது. நடுவில் சுமார் 50 ஹெக்டேர் திராட்சைக் கொடிகள் மட்டும் இடத்தை விடாமல் நிற்கின்றன. நம் ஏக்கர் கணக்கில் 120-க்குக் கொஞ்சம் மேலே. நகரத்துச் சூடு கொடிக்கு ஒரு லாபம். பனி கொஞ்சம் குறைவு, போர்டோவின் இன்னொரு ஒயின் வட்டாரமான மெடோக் பக்கத்து எஸ்டேட்டுகளைவிட இங்கே அறுவடை முந்தித் தொடங்கும்.

புட்டிகளில் 'ஷாட்டோ' என்று போட்டிருக்கிறதே, கோட்டையா என்று கேட்டாள். சொல்லுக்குப் பொருள் கோட்டை, மாளிகை. போர்டோ ஒயின்காரர்களிடம் அது எஸ்டேட் என்கிற அளவில் தேய்ந்துவிட்டது. மாளிகையே இல்லாத ஷாட்டோக்களும் இருக்கின்றன. ஓ-பிரியோனில் மாளிகை இருக்கிறது, 16-ஆம் நூற்றாண்டில் ழான் தெ பொன்டாக் என்பவர் கட்டியது. 1525-இல் கல்யாணச் சீதனமாக அந்த ஊரில் கொஞ்சம் நிலம் வந்தது, 1533-இல் அதையொட்டி இருந்த பண்ணையை வாங்கிச் சேர்த்துக்கொண்டார். மூன்று மனைவிகள், பதினைந்து பிள்ளைகள், 101 வயது வரை வாழ்ந்தார் என்று சொல்கிறார்கள். ஒயின் விற்கிற குடும்பத்துக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது.

ஆனால் கதையின் உண்மையான நாயகன் அவரல்ல, அவருடைய வழித்தோன்றல் அர்னோ தெ பொன்டாக். அவர் என்ன செய்தார் என்று புரிய அதற்கு முன் இருந்த நிலைமை தெரியவேண்டும்.

1152-இல் ஒரு கல்யாணம். அந்தப் பகுதியின் கோமகள் எலினோர், பின்னால் இங்கிலாந்துக்கு அரசனாகப் போகும் ஹென்றியை மணந்தார். சீதனத்தோடு போர்டோவும் இங்கிலாந்து பக்கம் போய், 1453 வரை அங்கேயே இருந்தது. முந்நூறு ஆண்டுகள். அத்தனை காலமும் ஆண்டுதோறும் கப்பல் கப்பலாக ஒயின் லண்டனுக்குப் போயிற்று. அது இன்றைய சிவப்பு ஒயின் அல்ல. தோலோடு ஓரிரு நாள் ஊறிய, வெளிறிய சிவப்பு. 'கிளாரெட்' என்று ஆங்கிலேயர் சொல்லும் பெயர் அந்த வெளிறலிலிருந்து வந்ததுதான். வருடம் திரும்புவதற்குள் புளித்துவிடும். புதுக் கப்பல் வந்ததும் பழைய பீப்பாயின் விலை விழும். பழைய ஒயின் என்றால் உயர்வு என்று நாம் நினைப்பது அன்றைக்குத் தலைகீழ், பழையது என்றால் கெட்டுப்போனது. வியாபாரி பெயராலும் வட்டாரப் பெயராலும் விற்றார்களே தவிர, எந்தத் தோட்டத்துத் திராட்சை என்று யாரும் கேட்கவில்லை. சந்தையில் அரிசி வாங்கும்போது எந்த வயல் என்றா கேட்கிறோம்?

இந்த இரண்டையும் மாற்றியதில் பொன்டாக் குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அர்னோ போர்டோவின் உயர் நீதிமன்றத்துக்குத் தலைவர். காசும் செல்வாக்கும் பொறுமையும் இருந்தன. 17-ஆம் நூற்றாண்டில் ஒயினைக் கூடுதல் நாள் ஊறவிடும் வழக்கம் வந்தது, நிறமும் துவர்ப்பும் கூடின. பீப்பாயில் ஆவியாகிக் குறைகிற ஒயினை வாரந்தோறும் நிரப்பினார்கள், ஏனென்றால் காலியிடம் இருந்தால் காற்று புகும், காற்று புகுந்தால் காடியாகும். காலிப் பீப்பாய்க்குள் கந்தகம் கொளுத்திப் புகை போட்டார்கள், கிருமி செத்தது. அடியில் மண்டி தங்கியதும் தெளிவை மட்டும் வேறு பீப்பாய்க்கு மாற்றினார்கள். தெளிவை இறுத்தெடுக்கும் இந்த வேலைக்கு நம் பழந்தமிழில் ஒரு சொல்லே இருக்கிறது. தேறிய மது தேறல். யவனர் கலத்தில் வந்த தேறலைப் புறநானூறும் பேசுகிறது. கிரேக்கர் ரோமர் காலத்துச் சங்கதி அது, பொன்டாக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சொல் அழகாக இருக்கிறதே என்று சொல்லிவைத்தேன்.

இப்படி வந்த ஒயின் ஓராண்டில் சாகவில்லை, நாள்பட மெருகேறியது. மெருகேறும் பொருளுக்குப் பெயர் வேண்டும். அர்னோ தன் ஒயினைத் தோட்டத்தின் பெயராலேயே விற்றார். 1660-இல் இங்கிலாந்து அரசன் இரண்டாம் சார்லஸின் நிலவறைக் கணக்கில் இந்த ஒயின் 169 புட்டி இருந்ததாகப் பதிவாகியிருக்கிறது. 1663 ஏப்ரல் 10-ஆம் தேதி சாமுவேல் பீப்ஸ் என்ற கடற்படை அதிகாரி லண்டன் மதுக்கடை ஒன்றில் இதைக் குடித்துவிட்டு, தான் இதுவரை கண்டிராத தனிச்சுவை என்று நாட்குறிப்பில் எழுதினார். பெயரை மட்டும் 'ஹோ பிரையன்' என்று ஏதோ ஐரிஷ்காரரைப் போல எழுதிவைத்தார். இதில் ஒரு வேடிக்கை, பீப்ஸ் பெயரும் எழுத்தைப் பார்த்துப் படிக்க முடியாத பெயர். நம்மில் பலர் அவரைப் பெப்பிஸ் என்றுதான் படித்திருப்போம்.

"அப்ப நான் தப்பா படிச்சது தப்பில்ல" என்றாள். பரீட்சைத் தாள் திருத்துகிறவரிடம் பீப்ஸைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது என்றேன்.

1666-இல் லண்டன் பெருந்தீ. ஊர் எரிந்து மறுபடி எழும்பும் நேரத்தில் அர்னோ தன் மகனை அங்கே அனுப்பி ஒரு உணவு விடுதி திறக்கவைத்தார். வாசலில் தொங்கிய பலகையில் அர்னோவின் தலை. கடைக்குப் பெயரும் 'பொன்டாக்கின் தலை' என்றே ஆகிவிட்டது. பிரெஞ்சுச் சமையல், கூடவே சொந்தத் தோட்டத்து ஒயின். மற்ற கடைகளில் நல்ல ஒயின் இரண்டு ஷில்லிங் விற்ற காலத்தில் இங்கே ஏழு ஷில்லிங் என்பார்கள். ராயல் சொசைட்டி அறிஞர்கள் கூடிச் சாப்பிட்ட இடம் அது, ஜோனதன் ஸ்விஃப்டும் வந்து போனவர். என்னைக் கேட்டால், இந்தக் குடும்பத்தின் மேதைமை தோட்டத்தில் பாதி, இந்தக் கடையில் பாதி. தீப்பட்ட ஊரில் எல்லோரும் செங்கல் விற்கப் போனபோது இவர்கள் விலை உயர்ந்த ஒயின் விற்கப் போனார்கள்.

1677-இல் தத்துவஞானி ஜான் லாக் போர்டோவுக்கு வந்தவர் இந்தத் தோட்டத்தைப் பார்க்கவே நடந்து போனார். நாலு புறமும் பார்த்துவிட்டுக் குழம்பினார். மேற்கே பார்த்த ஒரு சின்ன மேடு. வெள்ளை மணல், அதில் கொஞ்சம் சரளை. இந்த மண்ணில் எதுவும் விளையாது என்றுதான் யாரும் நினைப்பார்கள் என்று எழுதினார். ஒரு வாய்க்கால் மட்டும் நடுவே இருக்க, அந்தப் பக்கத்து நிலத்து ஒயின் இதுபோல் வருவதில்லை என்று அங்கிருந்தவர்கள் சொன்னதையும் குறித்துக்கொண்டார். விலை ஏறிப்போனதற்கும் காரணம் எழுதினார். என்ன விலையானாலும் வாங்கி அனுப்பு என்று கட்டளை அனுப்பும் லண்டன் பணக்காரர்கள்தான் அது.

லாக்கின் குழப்பத்துக்கு இன்றைக்குப் பதில் உண்டு. அந்த வட்டாரத்துக்கே 'கிராவ்' என்று பெயர், பொருள் சரளை. பிரெனீஸ் மலையின் கற்களைக் கரோன் ஆறு லட்சக்கணக்கான ஆண்டுகளாக உருட்டிக் கொண்டுவந்து போட்டது. சரளையில் மழைநீர் தங்காது. சத்தும் குறைவு. கூழாங்கல் பகலில் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு மாலையில் விடும். கொடி தண்ணீர் தேடி ஆழத்துக்குப் போகவேண்டும், கீழே களிமண் ஈரம் வைத்திருக்கிறது. செழித்த மண்ணில் கொடி இலையாகப் போடும், காய் பெருத்து நீர்த்துவிடும். கொஞ்சம் வாட்டம் கண்டால்தான் காய் சிறுத்து, தோல் தடித்து, சாரம் கூடும். மல்லிகைக்கும் மாமரத்துக்கும் பூக்கிற சமயம் தண்ணீரை நிறுத்திப் பார்க்கும் நம் விவசாயிகளிடம் இதைச் சொன்னால் அதிசயப்பட மாட்டார்கள்.

அடுத்து வந்த சொந்தக்காரர்கள் கதையை நான் வேகமாகக் கடந்துவிடுகிறேன், அது கல்யாணமும் கடனும் வாரிசு வழக்குமாகப் போகிறது. ஃபுமெல் குடும்பத்து ழோசெஃப் 1794-இல் பிரெஞ்சுப் புரட்சியின் கில்லட்டினில் தலை இழந்தார். ராஜதந்திரி தாலேரான் 1801 முதல் 1804 வரை வைத்திருந்து விற்றார். இதற்கெல்லாம் முன்பே, 1787-இல் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் வந்து பார்த்து, போர்டோவின் தலைசிறந்த நான்கில் ஒன்றாக இதைக் குறித்துக்கொண்டு போனார். 1836-இல் லாரியூ குடும்பம் வாங்கியது. 1935-இல் கிளாரன்ஸ் டில்லன் என்ற அமெரிக்க வங்கியாளர் வாங்கினார். இன்றும் அவர் வாரிசுகள் கையில்தான் இருக்கிறது.

நிறுத்திச் சொல்லவேண்டியது 1855. அவள் நோட்டில் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்ததும் அதுதான். பாரிஸில் உலகப் பொருட்காட்சி. மூன்றாம் நெப்போலியன் காலம். போர்டோ ஒயின்களைத் தரவரிசைப்படுத்திக் கொடுங்கள் என்று கேட்டார்கள். வரிசை போட்டவர்கள் ஒயின் தரகர்கள். இங்கேதான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். யாரோ பெரியவர்கள் வட்டமேசையில் உட்கார்ந்து ருசி பார்த்து மார்க் போட்டதாக நினைக்கிறார்கள். தரகர்கள் தங்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். எந்தத் தோட்டத்து ஒயின் பல ஆண்டுகளாக என்ன விலைக்குப் போயிற்றோ அதுவே அதன் தரம். ஐந்து வகுப்புகள். முதல் வகுப்பில் நான்கே நான்கு: லாஃபித், லதூர், மார்கோ, ஓ-பிரியோன். பட்டியலில் இருந்த சிவப்பு ஒயின்கள் எல்லாம் மெடோக் பகுதியைச் சேர்ந்தவை, ஓ-பிரியோன் ஒன்று மட்டும் வெளியூர். சரளை மேட்டுக்கு விலக்கு கொடுக்காமல் அந்தப் பட்டியலை எழுத அவர்களுக்குக் கை வரவில்லை. இருநூறு வருடமாக லண்டன் கொடுத்த விலை அப்படி. முதல் வகுப்பில் அதற்குப் பிறகு ஒரே ஒரு மாற்றம், 1973-இல் மூட்டான் ஐந்தாவதாக உள்ளே வந்தது.

இதற்குள் டீ ஆறிவிட்டது. சித்தி புதிதாகப் போட்டுக் கொண்டுவந்தாள், பாலோடு. அதைக் குடித்துக்கொண்டே தயாரிப்புக்கு வந்தோம்.

ஓ-பிரியோன் சிவப்பில் முக்கியமாக மூன்று வகைத் திராட்சை: மெர்லோ, கபர்நே சோவின்யோன், கபர்நே ஃப்ரான். மெர்லோ முன்னதாகப் பழுக்கும், மென்மை தரும். கபர்நே சோவின்யோன் தாமதம், தோல் தடிப்பு, துவர்ப்பு அதிகம். ஒன்றை மழை கெடுத்தால் இன்னொன்று கைகொடுக்கும். காபித்தூள் கடையில் பீபரி பாதி, பிளான்டேஷன் பாதி என்று சொல்லி அரைக்கிற கணக்குத்தான், ஆனால் இங்கே விகிதம் வருடத்துக்கு வருடம் மாறும். மெடோக்கின் பெரிய எஸ்டேட்டுகளோடு ஒப்பிட்டால் இங்கே மெர்லோவின் பங்கு கூடுதல். இதன் ஒயினில் புகை, சூடான செங்கல், புகையிலை போன்ற மணம் வருவதாக ருசித்தவர்கள் எழுதுகிறார்கள். நான் முகர்ந்ததில்லை, அதனால் அவர்கள் சொன்னதாகவே வைத்துக்கொள்.

நொதிக்கும்போது சூடு எழும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. சூடு 35 டிகிரியை நெருங்கினால் ஈஸ்ட் திணறிச் செத்துப்போகும், பாதி நொதித்த சாறு பாழாகும். மரத்தொட்டியில் சூட்டை அடக்குவது பெரும்பாடு. 1961-இல் ஓ-பிரியோன் எவர்சில்வர் தொட்டிகளை நிறுவியது. போர்டோவின் பெரிய எஸ்டேட்டுகளில் இதுவே முன்னோடி. வெளியே குளிர்ந்த தண்ணீர் ஓடவிட்டால் உள்ளே சூடு கட்டுக்குள் வரும். அந்த ஆண்டில் பொறுப்பேற்ற ழான்-பெர்னார் தெல்மாஸ் எஸ்டேட்டிலேயே பிறந்தவர். அவர் அப்பா அங்கே மேலாளர், பிறகு இவர் மகனும் அதே வேலைக்கு வந்தார். சொந்தக்காரர்கள் கடல்தாண்டி இருக்க, மூன்று தலைமுறையாக ஒயினைப் பார்த்துக்கொண்டது இந்தக் குடும்பம். 400 வருடப் பெருமை பேசும் இடத்தில் முதலில் மரத்தைத் தூக்கிப்போட்டவர்கள் இவர்கள்தான் என்பது எனக்குப் பிடித்த சங்கதி.

நொதித்து முடிந்ததும் 225 லிட்டர் ஓக் பீப்பாய்களில் ஒன்றரை, இரண்டு வருடம். ஒரு பீப்பாய்க்கு 300 புட்டி வரும். மரத்தின் நுண்துளை வழியே காற்று மிக மெல்ல உள்ளே கசிய, டானின்கள் ஒன்றோடொன்று கைகோத்து நீண்டு முரட்டுத்தனம் குறைகின்றன. எல்லாப் பீப்பாயும் ஓ-பிரியோன் ஆகிவிடாது. தேர்வில் தேறாதவை 'லெ கிளாரன்ஸ்' என்ற இரண்டாம் ஒயினாகும், விலையும் இறங்கும்.

தெளியவைக்க போர்டோவில் ஒரு பழைய முறை, முட்டையின் வெள்ளைக்கருவை அடித்துப் பீப்பாயில் கலப்பது. முகம் சுளித்தாள். கலங்கிய ஆற்றுத் தண்ணீருக்குப் பானையில் தேற்றாங்கொட்டை இழைத்தார்களே, அதே வேலை. வெள்ளைக்கரு புரதம். அது முரட்டு டானினைப் பிடித்துக்கொண்டு அடியில் போய் உட்காரும்.

"அப்ப டீக்குப் பால் ஊத்துற மாதிரி" என்றாள். நினைவில் வைத்திருந்தாள்.

கடைசியில் அவள் கேட்டது எல்லோரும் கேட்பது. அவ்வளவு விலைக்கு அது தகுமா? 1976-இல் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வியாபாரி ஒரு போட்டி வைத்தார். பிரெஞ்சு நடுவர்கள், பெயர் மறைத்த புட்டிகள். சிவப்பில் கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் முதலில் வந்தது. ஓ-பிரியோன் 1970 நான்காவது. பெயர் தெரியாதபோது நாக்கு அப்படிச் சொல்லிற்று. விலையில் ஒரு பங்கு பெயருக்குப் போகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் பெயரைப் பொன்டாக் உண்டாக்கிய விதத்தைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன். ஆனால் அதே தோட்டத்தின் 1989 போன்ற ஒயின்களை, போர்டோ தந்த மிகச் சிறந்தவற்றில் வைக்காத நிபுணரைக் காண்பது கடினம். இரண்டும் உண்மைதான், எதை எழுதினால் மார்க் வரும் என்று உன் வாத்தியாரைக் கேள் என்றேன்.

செய்முறைத் தேர்வில் பழைய சிவப்பு ஒயினைப் பரிமாறச் சொல்வார்களாம், புட்டியில் கலர்த் தண்ணீர் நிரப்பி. ஏன் நேராகக் கிளாஸில் ஊற்றாமல் கண்ணாடிக் குடுவையில் மாற்றுகிறோம் என்பது அவள் சந்தேகம். வருடங்கள் போகப் போக நீண்ட டானின்களும் நிறமும் சேர்ந்து கனத்து மண்டியாகப் படிந்துவிடும், ஒயின் செங்கல் நிறத்துக்கு மாறும், துவர்ப்பு அடங்கும். முந்தின நாளே புட்டியை நிமிர்த்தி வைத்து, கழுத்துக்குக் கீழே மெழுகுவர்த்தியோ விளக்கோ காட்டி, ஆட்டாமல் ஒரே சாய்ப்பாக ஊற்றவேண்டும். கறுப்பு நூல் மாதிரி மண்டி கழுத்தை எட்டிப்பார்க்கும்போது கையை நிறுத்து.

"எவ்வளவு மிச்சம் விடணும்?"

அவள் கிளாஸைக் காட்டினேன். வடிகட்டியைத் தாண்டி வந்த டீத்தூள் அடியில் படிந்திருந்தது. அதற்கு மேலே கால் அங்குலம் டீயைக் குடிக்காமல் விட்டிருந்தாள்.